எல்லைக்குள் ஏறிய எண்: பெருங்குடல் புற்றுநோய் கண்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது 'நார்மல்' என்ற ஒரு சொல். ஒரே மனிதரின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில், மூன்றாண்டுக்குள் இரண்டு வெவ்வேறு கட்டங்களில், ஒரே புரதத்துக்கு நேராக அந்தச் சொல் அச்சாகி வந்தது. இரண்டு முறையும் அவருடைய உடலுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஆய்வகம் தவறு செய்யவில்லை. அளவீடும் சரியாகவே இருந்தது. அந்த எண்ணை நாங்கள் படித்த விதத்தில்தான் கோளாறு இருந்தது. நோயாளியும் அவர் குடும்பத்தாரும் முழு மனத்தோடு இசைவு தந்த பின்பே, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இதைப் பதிவு செய்கிறேன்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவர் இவர். முதன்முதலில் என்னிடம் வந்தபோது வயது 58. பதினெட்டு வயதில் பால்மரம் (ரப்பர்) வெட்டத் தொடங்கி, தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறிய பிறகு குலை அறுத்து, இடுப்பு வலியால் முன்கூட்டியே வேலையை விட்டவர். நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் என்ற கணக்கில் நாற்பதாண்டுப் புகைப்பழக்கம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை எடுத்துவந்தார். மனைவியின் வற்புறுத்தலால்தான் கிளினிக்குக்கு வந்தார். எட்டு மாதமாக மலத்தோடு அவ்வப்போது இரத்தம் போயிருக்கிறது. 'உடம்புச் சூடு' என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிட்டிருக்கிறார். பிறகு மூலம் என்று எண்ணிக் களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார். கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மனைவி சொன்னார். அவர் அதை மறுத்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த ஓர் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டாக்டரம்மா, கேன்சர் டெஸ்ட் அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு. பாருங்க, ஸ்டார் எதுவும் போடல."

அது தனியார் ஆய்வகம் ஒன்றின் உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பு. மூன்றாம் பக்கத்தில், சில புற்றுகளில் இரத்தத்தில் மிகும் ஒரு புரதமான 'சிஇஏ' என்ற வரியில் ஒரு மில்லிலிட்டருக்கு 4.7 நானோகிராம் என்றிருந்தது. மேல் எல்லை 5.0 என்பதால் நட்சத்திரக் குறி போடப்படவில்லை. ஆனால் அதே அறிக்கையின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 10.4 என்ற வரிக்கு நேராகத் தெளிவாக ஒரு நட்சத்திரம் இருந்தது. ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். அன்று உண்மையைச் சொன்ன புரதம் அதுவே; அந்தப் பக்கத்தை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. புற்றுநோய் என்ற சொல் மூன்றாம் பக்கத்தில் இருந்ததால், எல்லாருடைய கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

பரிசோதித்தபோது கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்தது. கட்டைவிரல் நகங்கள் கரண்டிபோல் குழிந்திருந்தன. ஹீமோகுளோபின் 8.7ஆக இறங்கியிருந்தது. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 மட்டுமே. ஐம்பதைக் கடந்த ஓர் ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்றே கொள்ளவேண்டும். மலத்தில் மறைந்த இரத்தத்தைத் தேடும் பரிசோதனையை நான் செய்யவில்லை. அது அறிகுறி இல்லாதவர்களுக்கானது. கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகிறவரை நேராகக் குடல் அகநோக்கிக்கு (கொலனோஸ்கோபி) அனுப்புவதே முறை. அரசு மருத்துவமனை ஒன்றில் அடுத்த மூன்று வாரத்துக்குள் அது நடந்தது. ஆசனவாயிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில், பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில், நடுவே புண்ணான 4 சென்டிமீட்டர் கட்டி இருந்தது. திசுச் சோதனை அதைச் சுரப்பிப் புற்று என்று உறுதி செய்தது. சிடி ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் தெளிவாக இருந்தன.

சிஇஏ என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

சிஇஏ எனப்படும் கார்சினோஎம்ப்ரியோனிக் ஆன்டிஜெனை 1965இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தனர். கருவிலுள்ள குழந்தையின் குடலிலும் குடல் புற்றிலும் காணப்பட்டதால் அப்பெயர் அமைந்தது. நலமான பெரியவர்களின் குடலிலும் இது சிறிதளவு உண்டாகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. அப்படியானால் நலமாக இருப்பவரின் இரத்தத்தில் அது ஏன் மிகுவதில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் கட்டியின் வளர்ச்சிக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள உறவு இருக்கிறது.

நலமான குடலின் உட்சுவரில் செல்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் குடற்குழாயை நோக்கிய மேல்முனையும், இரத்தக் குழாய்களை நோக்கிய அடிப்பகுதியும் உண்டு. சிஇஏ மேல்முனையில் மட்டும் பதிந்திருக்கிறது. அங்கிருந்து உதிர்வது மலத்தோடு வெளியேறிவிடும். புற்றாக மாறிய செல்கள் இந்த மேல்கீழ் ஒழுங்கை இழந்துவிடுகின்றன. செல்லின் எல்லாப் பக்கத்திலும் சிஇஏ தோன்றுகிறது. உதிர்வது நிணநீரிலும் இரத்தத்திலும் கலக்கிறது. ஆகவே இரத்தத்தில் காணும் அளவு கட்டியின் பருமனை மட்டும் சார்ந்ததன்று. செல்களின் ஒழுங்கு எவ்வளவு குலைந்திருக்கிறது, அவற்றுக்கு இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, கல்லீரல் அதை எவ்வளவு விரைவாக அகற்றுகிறது என்பவற்றையெல்லாம் அது சார்ந்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும். அத்தனை செல்கள் இருந்தும் அளவு ஏறாமலிருக்கலாம். முதல் நிலைக் கட்டிகளில் பெரும்பான்மையானவற்றில் சிஇஏ உயர்வதே இல்லை. மறுபுறம், கட்டியே இல்லாமல் புகைப்பழக்கம், கல்லீரல் அழற்சி, ஈரல் இறுக்கம், குடல் அழற்சி, கணைய அழற்சி, தைராய்டுக் குறைவு ஆகியவற்றாலும் அது உயரும். நலமாக இருப்பவரிடம் புற்றுநோயைத் தேட இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டி நெறிகள் கூறுவது இதனால்தான். இருந்தும் நம் பட்டணங்களில் பரிசோதனைத் தொகுப்புகளில் இதைச் சேர்த்து விற்கிறார்கள். இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கும் அந்த நிம்மதி இவருடைய வாழ்வில் ஐந்து மாதத்தைத் தின்றது.

மலத்திலுள்ள மனித ஹீமோகுளோபினை எதிர்ப்பொருளால் கண்டறியும் எளிய பரிசோதனை, மலேசியாவில் 50 முதல் 75 வயது வரையுள்ளவர்களுக்கு அரசு சுகாதார கிளினிக்குகளில் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகத் தொடங்குமுன், ஐம்பது வயதிலேயே அதைச் செய்யத் தொடங்கியிருந்தால் இவருடைய கட்டி அரும்பாக இருந்தபோதே அகப்பட்டிருக்க வாய்ப்புண்டு. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசிய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுதான். பத்தில் ஏழு பேரளவுக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள்.

அறுவையும், திசுவில் தேடிய புரதங்களும்

அறுவைக்கு முன் மருத்துவமனை ஆய்வகத்தில் எடுத்த சிஇஏ 6.8. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அவர் மகள், "ஆறு மாசத்துல அவ்வளவு வளர்ந்துருச்சா டாக்டர்?" என்று கேட்டபோது, ஆம் என்று சொல்லிவிட்டேன். அது என் பிழை. சிஇஏ அளவிடும் முறைகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகின்றன. ஒரே இரத்த மாதிரியை இரண்டு கருவிகளில் இட்டாலும் எண் வேறாக வரலாம். தனியார் ஆய்வகத்தின் 4.7ஐயும் மருத்துவமனையின் 6.8ஐயும் ஒரே கோட்டில் வைத்து வளர்ச்சியைக் கணித்திருக்கக் கூடாது. அந்தக் குடும்பம் அன்று அழுத அழுகைக்கு என்னுடைய அவசரமும் ஒரு காரணம். அடுத்த சந்திப்பில் அவர்களிடம் இதைத் திருத்திச் சொன்னேன். அதன்பிறகு எல்லாப் பரிசோதனைகளையும் அந்த ஒரே மருத்துவமனை ஆய்வகத்திலேயே எடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மகள் மறுவாரமே கட்டம் போட்ட வரைபடத்தாளில் மாதங்களைக் குறுக்கேயும் அளவை நெடுக்கேயும் இட்டுக் கொண்டுவந்தார். தனியார் ஆய்வகத்தின் 4.7ஐ மட்டும் சிவப்பு மையால் தனியே வைத்து, கோட்டோடு இணைக்காமல் விட்டிருந்தார்.

சிக்மாய்டு பகுதி முழுமையாக அகற்றப்பட்டது. கட்டி குடல் தசையைத் தாண்டி வெளிக்கொழுப்பை எட்டியிருந்தது. 16 நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்ததில் இரண்டில் புற்று இருந்தது. ஆகவே மூன்றாம் நிலை. 12 கணுக்களாவது ஆராயப்பட்டால்தான் நிலையை நம்பிச் சொல்லமுடியும் என்பதால், அந்த 16 என்ற எண் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

வெட்டியெடுத்த திசுவில் நான்கு புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தார்கள்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. செல் பிரியும்போது டிஎன்ஏ படியெடுப்பில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துபவை இவை. இவற்றுள் ஒன்று இல்லாமற்போனால் பிழைகள் மளமளவென்று குவிகின்றன. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இப்படி நேர்கிறது. அவற்றுள் ஒரு பகுதி லிஞ்ச் நோய்த்தொகை எனப்படும் பரம்பரைக் கோளாறால் வருவது. இவ்வகைக் கட்டிகள் முற்றிய நிலையில் பெம்புரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு நன்கு பணிகின்றன. இவருக்கு நான்கு புரதங்களும் செல்லின் கருவில் பழுப்பாகச் சாயமேறி முழுமையாக இருந்தன. ஆகவே லிஞ்ச் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு அந்த வகை அச்சம் இல்லை. ஆயினும் தந்தைக்கு 60 வயதுக்கு முன்பே நோய் கண்டதால், இருவரும் 40 வயதில் குடல் அகநோக்கி செய்துகொள்ளவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

இவருடையதைப் போன்ற, பிழைதிருத்தும் புரதங்கள் கெடாத கட்டிகள் பொதுவாக வேறொரு வழியில் வளர்கின்றன. எரிக் ஃபியரனும் பெர்ட் வோகல்ஸ்டீனும் 1990இல் படிப்படியாக விவரித்த வழி அது. நலமான செல்லில் ஏபிசி என்னும் புரதம், வளர்ச்சியைத் தூண்டும் பீட்டா-கேட்டினினைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏபிசி கெட்டுவிட்டால் பீட்டா-கேட்டினின் தேங்கி, செல்லின் கருவுக்குள் புகுந்து, பிரியத் தூண்டும் மரபணுக்களை ஓயாமல் இயக்குகிறது. குடற்சுவரில் ஓர் அரும்பு எழுகிறது. கேராஸ் மரபணு கெட்டால், வெளியிலிருந்து கட்டளை வராதபோதும் வளர் என்ற செய்தி உள்ளே போய்க்கொண்டிருக்கும். பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதமும் கெட்ட பிறகு அரும்பு புற்றாகிறது. இதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு பிடிக்கும். கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால், விஇஜிஎஃப் போன்ற புரதங்களைச் சுரந்து புதிய இரத்தக் குழாய்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த நெடிய வரிசையில் சிஇஏ உயர்வது கடைசிக் கட்டங்களில்தான்.

ஏற்றமும் இறக்கமும்

அறுவைக்கு ஆறு வாரம் கழித்து சிஇஏ 3.4. முழுமையாக அகற்றப்பட்டால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அளவு தன் அடித்தளத்துக்கு இறங்கவேண்டும், இறங்கியது. பிறகு ஆக்சாலிபிளாட்டின், கேப்சிடபின் ஆகிய இரண்டு கீமோ மருந்துகளையும் மூன்று மாதத்துக்கு நான்கு சுற்றாகக் கொடுத்தார்கள். குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்நுனியில் ஊசி குத்தியது. கேப்சிடபினால் உள்ளங்கைத் தோல் சிவந்து உரிந்தது. பால்கத்தி பிடித்து முப்பதாண்டாக இறுகிப்போன காய்ப்பும் அதோடு சேர்ந்து கழன்று வந்ததை எனக்குக் காட்டி, "புதுக் கை மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாம் சுற்றின்போது சிஇஏ 5.6ஆக ஏறியது. மகள் அந்தப் புள்ளியை வைக்கும்போது கை நடுங்கியதாகச் சொன்னார். ஆக்சாலிபிளாட்டின் சிகிச்சையின் முதல் வாரங்களில் இப்படி ஓர் ஏற்றம் வருவதுண்டு. கல்லீரல் பாதிக்கப்பட்டு சிஇஏயை அகற்றுவது மெதுவாவதும் இதற்கு ஒரு காரணம். எனவே சிகிச்சை முடியும்வரை காத்திருந்து மறுபடி அளந்தோம்: 2.9. அறுவையன்றே சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். பன்னிரண்டாம் மாதத்தில் 1.9, பிறகு 1.8, பதினெட்டாம் மாதத்தில் 1.7 என்று எண் இறங்கி ஒரு மட்டத்தில் நின்றது. இது கட்டியும் புகையும் இல்லாத அவருடைய சொந்த அடித்தளம். இதற்குமுன் அந்த மனிதருக்கு எது இயல்பு என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இருபத்தொன்றாம் மாதத்தில் 3.1. தொடர் கண்காணிப்புக்குச் சென்ற இடத்தில் 'நார்மல்' என்று சொல்லி, அடுத்த தவணை தந்து அனுப்பிவிட்டார்கள். மகள் வரைபடத்தாளோடு என்னிடம் வந்தார். ஒரு வருடமாகத் தரையோடு ஓடிய கோடு, கடைசிக் கட்டத்தில் மட்டும் தலைதூக்கியிருந்தது. ஆய்வகத்தின் எல்லைக்கோடான 5 அதற்கு வெகு மேலே இருந்தது. புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும், கல்லீரல் நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவாக வரையப்பட்ட கோடு அது. இவருக்கு அது பொருந்தவில்லை.

ஒரே ஓர் அளவை நம்பி ஸ்கேன் கேட்பது முறையன்று. நான்கு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி எடுத்தபோது 4.3. இடைப்பட்ட நாள்களில் வேறு காரணங்களைத் தேடினோம். கல்லீரல் நொதிகள், ஹெபடைடிஸ் பி, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. மீண்டும் சிகரெட் பிடிக்கிறாரோ என்று மனைவியைத் தனியே கேட்டேன். "சத்தியமா இல்ல டாக்டர். சட்டைப் பையைத் தடவிப் பாத்துட்டுத்தான் துவைக்கிறேன்" என்றார். அதன்பின் விரிவான கடிதம் எழுதி, வரைபடத்தாளின் நகலையும் இணைத்து அனுப்பினேன். அந்த ஒற்றைத் தாள், என்னுடைய ஒன்றரைப் பக்கக் கடிதத்தைவிட விரைவாக வேலை செய்தது என்றே நினைக்கிறேன். சிடி ஸ்கேனில் கல்லீரலின் ஆறாம் கூற்றில் 2.1 சென்டிமீட்டர் அளவில் ஒரே ஒரு கட்டி. எம்ஆர்ஐ அது பரவிய புற்றே என்பதை உறுதி செய்தது. வேறெங்கும் நோய் இல்லை.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குள்தான் பாய்கிறது. எனவே பரவல் மிகுதியும் அங்கேதான் நிகழ்கிறது. சிஇஏயை அகற்றும் உறுப்பும் கல்லீரலே என்பதால், அங்கே கட்டி வளரும்போது அளவு ஏறுவது கண்ணில் படும்படி இருக்கும். நுரையீரலுக்கோ அறுவை நடந்த இடத்துக்கோ நோய் திரும்பியிருந்தால் இந்த எண் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டிருக்கும் என்று சொல்லமாட்டேன்.

கல்லீரல் அறுவைப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனையில் அந்தக் கூறு அகற்றப்பட்டது. வெட்டு விளிம்புகள் தூய்மையாக இருந்தன. இந்தத் திசுவில் கேராஸ் மாற்றம் காணப்பட்டது. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் இது உண்டு. வளர்ச்சிக் கட்டளையைச் செல்லின் மேற்பரப்பில் வாங்கிக்கொள்ளும் இஜிஎஃப்ஆர் என்னும் ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப், பனிடுமுமாப் ஆகிய மருந்துகள் இத்தகைய கட்டியில் பயன் தருவதில்லை. செல்லின் வாசலை அடைத்தாலும், கேராஸ் உள்ளேயிருந்தபடி வளரும் கட்டளையைத் தந்துகொண்டிருக்கும். நாளை நோய் மீண்டும் தலைகாட்டினால் எந்த மருந்தைத் தொடக்கூடாது என்பது இன்றே கோப்பில் பதிவாகியிருக்கிறது.

இந்த நிகழ்வை வைத்து அளவுக்கு மீறி எதையும் கோரக்கூடாது. சிஇஏயின் எல்லையை 5 என்று வைத்தால், திரும்பிவந்த நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத்தான் அது பிடிக்கும். பிரிட்டனில் 1,202 பேரைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அறிகுறி வந்தால் மட்டும் சோதித்தவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கே திரும்பிய நோயைக் குணப்படுத்தும் நோக்கில் அறுவை செய்யமுடிந்தது. சிஇஏ மட்டும் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 6.7 விழுக்காடு, சிடி மட்டும் செய்யப்பட்டவர்களில் 8 விழுக்காடு. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் இல்லை. உயிர்காப்பில் தெளிவான வேறுபாடும் தெரியவில்லை. கல்லீரல் கட்டியை முழுமையாக அகற்றமுடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். என் நோயாளி எந்தப் பக்கம் இருப்பார் என்பதை இந்த எண்களால் சொல்லமுடியாது. குடும்பத்தாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஆனால் 4.3இல் தேடாமல் 5ஐத் தாண்டட்டும் என்று காத்திருந்தால், ஒற்றைக் கட்டி ஒற்றையாகவே இருந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கல்லீரல் அறுவை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆறு வாரத்தில் 1.6, பிறகு 1.5, 1.7, 1.6. ஹீமோகுளோபின் 13.8. பசி நன்றாக இருக்கிறது. காலையில் பந்தல்போட்ட புடலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மகன் அடுத்த ஆண்டு 40ஐத் தொடுகிறார். அவருக்குக் குடல் அகநோக்கிக்கான கடிதம் எழுதியாகிவிட்டது. மகளின் வரைபடத்தாள் முதல் பக்கம் நிறைந்து இரண்டாவது தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஆய்வகத்தின் 5 என்ற எல்லைக்கோட்டோடு, 1.7இல் அவர் தானே பென்சிலால் வரைந்த இன்னொரு கோடும் ஓடுகிறது.